முத்து முத்தாய் நின்ற தண்ணீர்

பசை ஒட்டுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. டப்பாவின் மேலேயே எல்லாம் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு ஒட்டினால் ஒட்டும். ஆனால் உலகத்தில் பாதிப் பேர் எல்லாவற்றையும் கலக்கித் தடவிய பிறகுதான் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிறார்கள்; அதற்குள் மூடி குப்பைக்குப் போயிருக்கும். இந்தப் பாதிப் பேரைத்தான் நான் பல வருடங்களாக மேய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் ஏன் அந்தப் படகில் ஏறவில்லை என்பதுதானே? இடுப்பு வலி என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறேன். மற்றதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அரைகுறையாக எழுதினால் பிறகு ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள்.

எனக்குப் பெயிண்ட் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. பூசியது பிடித்திருக்கிறதா, உரிந்து வருமா என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுவோம், ஒட்டுநாடாவை வைத்து இழுப்போம், பிடிப்பில்லாதது கையோடு வந்துவிடும். இதில் என்னை ஏமாற்ற ஒருவரும் பிறக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எங்கள் தளம். வீட்டிலேயே படகு கட்டிப் பாய்விரித்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக நான் இணையத்தில் ஆரம்பித்த குழு. எல்லோரும் என்னை 'அட்மின் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என்ன மாதிரியான ஆட்கள் என்று கேளுங்கள். ஒருவர் வரவேற்பறையிலேயே படகைக் கட்டி முடித்தார். வாசல் வழியாக அது வெளியே போகாது என்பதைக் கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தார். சன்னலோடு சுவரை இடித்தார். இடித்த படத்தைப் போட்டதும் தளமே கை தட்டியது. இன்னொருவர் நங்கூரம் வாங்கி மூன்று வருடமாகிறது. படகுக்கு இன்னும் பலகை வாங்கவில்லை. நங்கூரத்தைத் துடைத்துத் துடைத்துப் படம் போடுவார். ஒரு பல் டாக்டர், இரண்டு வங்கிக்காரர்கள், ஆணி எது திருகாணி எது என்று தெரியாத ஒரு கணக்கு வாத்தியார். இவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்து, 'சூப்பர் சார், கலக்கிட்டீங்க சார்' என்று காலம் தள்ளுவார்கள். நான் ஒருவன்தான் 'இது தப்பு' என்று சொல்கிறவன். அதற்காகத்தான் என்னிடம் பயந்தார்கள், அதற்காகத்தான் என்னைத் தேடியும் வந்தார்கள்.

தளத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டும் நான் கொண்டுவந்தவை. முதலாவது, கட்டி முடித்தவர்கள் பலகைகள் சேருகிற ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்துப் போட வேண்டும். நான் பார்த்துவிட்டு 'இறக்கலாம்' என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். அந்த வார்த்தை வராமல் யாரும் படகைத் தண்ணீரில் வைக்க மாட்டார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு மரியாதை.

இரண்டாவது, முதல் நாள் ஓட்டத்தில் மிதவைச் சட்டை, அதுதான் லைஃப் ஜாக்கெட், போடக்கூடாது. இதை நான் விதியாகச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒரு பயந்தாங்கொள்ளி ஆரஞ்சுச் சட்டையை இறுக்கக் கட்டிக்கொண்டு, முகம் வெளிறிப் போய்ப் படகில் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டார். 'கட்டியவரே நம்பாத படகு' என்று கீழே எழுதினேன். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் முதல் நாள் படத்தில் சட்டையோடு நிற்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். நானாக யாரையும் கழற்றச் சொன்னதில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படகைக் கட்டிய பேக்கரிக்காரர் தளத்துக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. நல்ல மனிதர் என்று உங்களிடம் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் அதை மறுக்கவில்லை. நல்ல மனிதர்களால்தான் உலகத்தில் பாதி வேலை கெட்டுப்போகிறது. வந்த அன்றே, 'பசை கலக்கிறது மாவு பிசையிற மாதிரிதானே சார்?' என்று கேட்டார். இல்லை என்று எழுதினேன். 'சரிங்க சார், கத்துக்கிறேன்' என்று பதில் போட்டுவிட்டு, அன்று சுட்ட ரொட்டியின் படத்தையும் கூடவே போட்டார். படகுத் தளத்தில் ரொட்டிக்கு என்ன வேலை? ஆனால் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தளத்தில் அவருடைய பக்கத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். பலகை வளையாமல் உடைந்தால் சிரிப்பார், கையில் பசை ஒட்டிக்கொண்டு ரொட்டிக்குள் போய்விட்டது என்று சிரிப்பார், எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் பலகையின் ஈரப்பதத்தைப் பற்றி விரிவாக எழுதிய பக்கத்தை அந்த மாதம் ஒருவரும் திறக்கவில்லை.

அவர் படகு கட்டியது அவருடைய அக்காவுக்காக. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்களாம். அக்காதான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு வளர்த்தாராம். பஸ்ஸில் போகும்போது ஏரி நடுவில் இருக்கிற திட்டைப் பார்த்து, 'அங்க ஒரு தடவை போகணும்டா' என்பாராம். இவர் சின்ன வயதிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்தாராம். இதையெல்லாம் அவர் தளத்தில் எழுத, படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏரியில் வாடகைப் படகு ஓடுகிறது. டிக்கெட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்திருந்தால் அந்த அம்மாள் இன்றைக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்.

என் படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஒரு மூட்டில் மயிரிழை இடைவெளி கண்டுபிடிக்க முடியாது. எத்தனை பூச்சு வார்னிஷ் என்று எனக்கே மறந்துவிட்டது. முகம் பார்த்துத் தலை வாரலாம். 'தண்ணியில இறங்காத படகுக்கு எதுக்குங்க இவ்வளவு அலங்காரம்? கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு வருஷா வருஷம் பட்டுப்புடவை எடுக்கிற மாதிரி' என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு வேலை தெரியாது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். அந்த அவசரம் எனக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் சூடாக ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கொட்டகையைக் காட்டினேன். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றினார், அதைச் சொல்ல வேண்டும். படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையை வைக்கவே பயந்தார்.

"சார், இதுல குறைன்னு ஒண்ணுமே இல்லையே சார். எப்போ இறக்கப் போறீங்க?"

"இன்னும் வேலை இருக்கு."

"என்ன வேலை சார்?"

நான் துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அன்று சாயங்காலம் தளத்தில் எழுதினார்: 'அட்மின் சார் படகைப் பார்த்தேன். தேர் மாதிரி இருக்கு. எல்லாம் ரெடி. சாருக்குத்தான் உள்ளூர ஏதோ பயம்னு நினைக்கிறேன். நம்ம எல்லாருக்கும் அவர்தானே தைரியம் சொல்றார், நாம அவருக்குச் சொல்ல வேண்டாமா?'

அவ்வளவுதான். ஆரம்பித்துவிட்டார்கள். 'பயப்படாதீங்க சார்', 'நாங்க இருக்கோம் சார்', 'ஒரு நாள் எல்லாரும் வந்து தள்ளி விடுறோம் சார்.' நங்கூரக்காரர் தன் நங்கூரத்தை இரவல் தருவதாக எழுதினார். ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாத வாத்தியார் எனக்குத் தைரியம் சொன்னார். கோபப்பட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அரைவேக்காட்டு ஆட்களோடு கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? இந்த ஆளுக்கு ஒரு பாடம் தேவை என்று மட்டும் தோன்றியது. அது அவருடைய நன்மைக்கும்தான்.

இனி நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. இந்த வகைப் படகில் பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்துச் செம்புக் கம்பியால் துணி தைப்பதைப் போலத் தைப்பார்கள். தையலின் மேல் பசை. பசை இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, அதன் மேல் கண்ணாடியிழைத் துணியை நாடாவாக வைத்து, மறுபடியும் பசை பூசி ஒட்டுவார்கள். பலகைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த நாடாதான். மழைக்காலத்தில் இந்தப் பசை இறுகும்போது மேலே ஒரு மெழுகுப் படலம் வியர்க்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெறும் தண்ணீர் ஊற்றி நார் போட்டுத் தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் நாடாவை ஒட்டினால், அது பசையின் மேல் ஒட்டாது, மெழுகின் மேல் ஒட்டும். பார்க்க நன்றாக இருக்கும். கரையில் வைத்திருந்தால் வருடக்கணக்கில்கூட இருக்கும். அலையில் படகு நெளியும்போது விட்டுப்போகும்.

படலம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் தெளித்தால் போதும். சுத்தமான பரப்பில் தண்ணீர் பரவும். படலம் இருந்தால் முத்து முத்தாக நிற்கும்.

அது நல்ல மழைக்காலம். பேக்கரிக்காரர் தையலுக்குப் பசை பூசி, மறுநாள் ஒரு படம் போட்டார். தையல் நெடுக நீர்த்துளிகள். 'பாருங்க சார், தண்ணி ஒட்டவே மாட்டேங்குது. முத்து முத்தா நிக்குது. இனிமே ஒரு சொட்டு உள்ள வராது' என்று எழுதியிருந்தார். நோயின் அறிகுறியைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்படுகிற ஆள். கீழே வரிசையாகக் கைதட்டல். முத்து முத்தா, முத்து முத்தா என்று அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். இந்தக் கூட்டத்தைத் தவிர வேறு எந்தக் கூட்டமும் அந்தத் தப்பைச் செய்திருக்காது.

நான் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தேன். பிறகு எழுதினேன்: 'அழகு. இப்படியே மேலே நாடாவை ஒட்டுங்கள்.'

நான் அவருக்குக் கொடுத்த முதல் பாராட்டு அது. அவர் அதைப் படம் பிடித்துப் பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒருவர் மட்டும் குறுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸம்மா, அதிகம் பேசாதவர். 'தண்ணி அப்படி நிக்கக்கூடாதுன்னு படிச்சிருக்கேன். மேல ஏதோ படலம் இருக்குன்னு அர்த்தமாம். கழுவிட்டு ஒட்டினா நல்லதோ?' என்று எழுதினார். சரியாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் கேள்விக்குறி போட்டு எழுதினார். தனக்கே நிச்சயமில்லாததை எதற்குச் சபையில் சொல்ல வேண்டும்? அதைத் தூக்கி அரட்டைப் பகுதியில் போட்டேன், ஒருவரும் எட்டிப்பார்க்காத இடம். அனுபவம் இல்லாதவர்கள் வேலை நுணுக்கத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்று அவருக்குத் தனியாக எழுதினேன். 'மன்னிச்சிருங்க சார், தெரியாம சொல்லிட்டேன்' என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் தளத்தில் எதுவும் எழுதவில்லை.

படகு முடிந்தது. முன்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'அக்கா' என்று எழுதி, எல்லா மூட்டுகளையும் படம் எடுத்துப் போட்டார். 'இறக்கலாம்' என்று நான் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறையில் இறக்குவது என்று முடிவாயிற்று. தளத்துக்காரர்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நானும் போனேன்.

நான் நினைத்தது என்ன என்று கேட்கிறீர்கள். கரையோரமாகவே நாடா விட்டு, தண்ணீர் உள்ளே வந்து, கால்சட்டை நனைந்து இறங்குவார். அத்தனை பேரும் பார்ப்பார்கள். அப்புறம் நான் போய்ப் படகைத் திருப்பிப் போட்டு, நாடாவை ஒரு கையால் உரித்துக் காட்டி, எங்கே தப்பு என்று விளக்குவேன். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஒரு வகுப்பு எடுப்பதைப் போல. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்படியானால் திட்டு வரைக்கும் போகச் சொன்னது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான் சொன்னேன். 'கரையோரமா சுத்தினா அது குளியல் தொட்டி. படகுன்னா போய்ச் சேரணும்' என்று சொன்னேன். பொதுவாக எல்லோரிடமும் சொல்வதுதான்.

காற்று நன்றாக இருந்தது. பாய் விரிந்ததும் படகு அழகாகப் போனது, அதை மறைக்கத் தேவையில்லை. பாதி ஏரி தாண்டியதும் அலை பெரிதாயிற்று. ஒரு பக்கத் தையல் மொத்தமாக விட்டிருக்கிறது. கரையிலிருந்து பார்த்தபோது பாய் சாய்வதுதான் தெரிந்தது. தண்ணீர் காலுக்கு வந்ததும் அந்த அம்மாள் பயந்து எழுந்து நின்றிருக்கிறார், படகு கவிழ்ந்துவிட்டது. மீன் பிடிக்கிறவர்கள் போய்ச் சேருவதற்குள் தம்பி மட்டும்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அக்காவைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள். மிதவைச் சட்டைகள் இரண்டும் காரில் இருந்தன. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

மீன் பிடிக்கிறவர்கள் கரையில் கொண்டுவந்து போட்டதும் பேக்கரிக்காரர் என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"சார்... நான் எங்க சார் தப்புப் பண்ணினேன்?"

"கழுவியிருக்கணும்" என்றேன்.

"எதை சார்?"

"நாடா ஒட்டுறதுக்கு முன்னாடி. டப்பா மேலயே போட்டிருக்கு."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் சார், ஆமாம் சார் என்றார். நான் 'அழகு' என்று எழுதியது அவருக்கு நினைவுக்கு வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. 'சாருக்குப் படத்துல எப்படித் தெரியும், நான்ல பார்த்திருக்கணும்' என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் ஏன் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள்.

அக்காவின் காரியம் முடிந்த பிறகு அந்த ஆள் தளத்துக்கு வந்தார். 'என் அக்காவை நான்தான் கொன்னேன். கழுவாம ஒட்டினேன். நீங்க யாரும் அப்படிப் பண்ணிடாதீங்க. அட்மின் சாரை யாரும் குத்தம் சொல்லாதீங்க' என்று எழுதினார். இன்றைய தேதிக்குத் தளத்தில் எல்லோரும் அதிகமாகப் படித்த பக்கம் அதுதான். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். நாடா ஒட்டுவதற்கு முன்னால் கழுவுவதற்கு 'பேக்கரிக் கழுவல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 'பேக்கரிக் கழுவல் முடிச்சாச்சா சார்?' என்று என்னிடமே கேட்கிறார்கள். இருபது வருடம் கூர்ந்து கூர்ந்து பார்த்துக் கற்ற ஒரு விஷயத்துக்கு, அது என்னவென்றே தெரியாத ஆளின் பெயர். போதாததற்கு அவரையே தளத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போட வேண்டும் என்று கணக்கு வாத்தியார் முன்மொழிந்திருக்கிறார். போன வாரம் அவர் இங்கே வந்து, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். நீங்களும் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பினீர்களாம்.

அந்த ஆளுக்கு ஒரு தப்பை முழுசாகச் செய்யக்கூடத் தெரியாது. அந்தப் படத்தில் இருந்தது என்னவென்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது எப்போது விடும், எப்படி விடும் என்று தெரிந்தவனும் நான்தான். செய்தது நான். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

இடுப்பு வலியா? மறுபடியும் அங்கேயே வருகிறீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படகு இருவர் உட்காரக்கூடியது. அக்காவை இரண்டாவது ஓட்டத்தில் கூட்டிப்போவதாகத்தான் அவர் ஏற்பாடு செய்திருந்தார். துறையில் எல்லோருக்கும் முன்னால், முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் பக்கம் கையை நீட்டினார்.

"வாங்க சார். முதல் ஓட்டம் உங்களோடதான். நீங்க இல்லேன்னா இந்தப் படகே இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஒரு அடி பின்னால் வந்தேன். இடுப்பு பிடித்திருக்கிறது என்றேன். முதலில் அக்காவைக் கூட்டிப்போங்கள், அவருக்காகக் கட்டியதுதானே என்றேன். அந்த அம்மாள் கரையில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி. சாரையே முதல்ல கூட்டிட்டுப் போ" என்றார். பிறகு என்னிடம், "ஏன் சார், அந்தச் சட்டை மாதிரி ஏதோ போடுவாங்களே, அது போட வேண்டாமா?" என்று கேட்டார்.

"அது படகு மேல நம்பிக்கை இல்லாதவங்களுக்கும்மா. இது நான் பார்த்துச் சொன்ன படகு. தைரியமா ஏறுங்க" என்றேன். கைப்பிடித்து நான்தான் ஏற்றிவிட்டேன். கை ரொம்பக் காய்ப்புப் பிடித்துப்போயிருந்தது.

இடுப்பில் வலி எதுவும் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது.